பதினேழாம் நம்பர் பஞ்ச்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

அன்புள்ள என்று தொடங்க இன்றைக்கு மனசு வரவில்லை. இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு படி.

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்த வழி. எங்கள் பட்டறையில் பஸ் பிரேக்கில் செருகுகிற இரும்புப் பின்கள் அடுக்கிய தட்டுகளை லாரியில் ஏற்றுவதற்கு முன் கடைசியாகத் தொடுகிறவள் நான். உன் பஸ் பேக்டரியில் அவற்றை இறக்கியதும் முதலில் திறந்து பார்க்கிறவள் நீ. மேல் தட்டில் எண்ணெய்க் காகிதத்துக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். பதிலைக் காலித் தட்டில் வைத்து அனுப்பு. லாரிக்கார அண்ணன் 'அவசரம்' கண்டுகொள்ள மாட்டார். அவர் வண்டி ஓட்டுகிற ஆமை வேகத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவன் வாய்க்குச் சர்க்கரை போடலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகளை எனக்குத் திருப்பி அனுப்பு.

ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பு, பெரியம்மா வீட்டில் தங்கிக்கொள்ளட்டும் என்றுதான் அனுப்பினேன். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. போன மாதம் வந்தாள். வந்த மறுநாளே பையைக் கட்டுகிறாள். "என்னடி, காலில சுடுதண்ணி ஊத்துன மாதிரி நிக்கிற?" என்றேன். "இல்லம்மா, பெரியம்மா தனியா இருப்பாங்க" என்றாள். நான் இங்கே ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறேன் பார்!

உனக்கு எல்லாம் வாய்த்தது, அக்கா. பெரிய பேக்டரிக்கு ஆள் எடுத்தபோது இரண்டு பேரும்தான் வரிசையில் நின்றோம். உன்னை எடுத்தார்கள். நான் அதே பேக்டரிக்குச் சரக்கு கொடுக்கிற பட்டறையில் வந்து விழுந்தேன். உனக்குக் கழுத்தில் அட்டை, கேன்டீன் சாப்பாடு, குவார்ட்டர்ஸ். ஜூன் மாதம் ரிட்டயர் ஆனால் கண்ணை மூடும்வரை பென்ஷன். நான் நம்பர் அடித்து அனுப்புகிற பின் இல்லாமல் உங்கள் பஸ் ஒன்றுகூடப் பிரேக் பிடிக்காது. ஆனாலும் நான் உங்கள் பேக்டரி ஆள் இல்லை.

நீ புதுச் செருப்பு வாங்கினாலே எனக்கு வயிறு எரியும், சின்ன வயசிலிருந்தே. அதை நான் மறைத்ததில்லை. ஒன்றே ஒன்றில்தான் நான் உன்னைவிட வசதிக்காரி. எனக்கு மகள் இருக்கிறாள். அவள் அப்பா போன பிறகு அவள்தான் என் பென்ஷன். உனக்குத்தான் மாசாமாசம் சர்க்கார் கொடுக்கப்போகிறதே, அதற்கு மேல் என் பெண்ணும் எதற்கு?

இங்கே பேக்கிங்கில் ஒரு இடம் காலி. எங்கள் முதலாளி 'போர்டு' அதை அவளுக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் வீண்போகவில்லை. போன வாரம் மறுபடியும் கம்பெனிப் பெயரை மாற்றி வாசல் போர்டுக்குப் பெயிண்ட் அடித்தார். இது மூன்றாவது பெயர். மெஷின் அதே, கூரை அதே, கூரை ஒழுகுகிற இடமும் அதே.

அனுப்பி வை.

உன் தங்கச்சி


பிப்ரவரி 10

எரிச்சலுக்கென்றே பிறந்த என் தங்கைக்கு,

கடிதம் பூராவும் எண்ணெய். நடுப்பக்கம் வாசிக்க வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்து மேஜைக்காரர், "என்னக்கா, பின்னுக்குப் பதிலா வரைபடம் அனுப்பிச்சிருக்காங்களா?" என்று எட்டிப் பார்த்தார். இனி பிளாஸ்டிக் உறையில் போட்டு வை.

உன் மகளை நான் கட்டிப் போடவில்லை. பேக்டரிச் சோதனைக்கூடத்தில் பயிற்சி ஆளாக அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அட்டைப் பெட்டியில் டேப் ஒட்டச் சொல்கிறாயே, உனக்கே நியாயமா?

நீ மட்டும்தான் பொறாமைப்படத் தெரிந்தவள் என்று நினைக்காதே. என் சமையலுக்கு அவளிடமிருந்து இரண்டு வருஷமாக ஒரே பேச்சு. "நல்லாருக்கு பெரியம்மா. ஆனா அம்மா கை வேற." நான் வாங்கிக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு உன்னைப் போலவே இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். கோபம் வந்தால் உன்னைப் போலவே கீழுதட்டைக் கடிக்கிறாள். கல்யாணம் பண்ணிப் போய் ஒரே வருஷத்தில் திரும்பி வந்தவள் நான். அதற்குப் பிறகு கதவைத் திறந்தால் "சாப்டீங்களா?" என்று கேட்க ஒரு ஆள் இருப்பது இந்த இரண்டு வருஷமாகத்தான். அதுவும் உன் முகத்தோடு வந்து கேட்கிறது. எனக்கு மட்டும் வயிறு இல்லையா, எரியாதா?

சரி, சண்டையை ஓரம் வை. நல்ல செய்தி ஒன்று. இங்கே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். புதுச் சட்டம் வந்திருக்கிறது. பெரிய பேக்டரிக்குச் சரக்குச் செய்கிற சின்னப் பட்டறை ஆட்களுக்கும் இனி சர்க்கார் பென்ஷன் உண்டு. ஐம்பத்தைந்து முடிந்திருக்க வேண்டும், ஒரே கம்பெனியில் பத்து வருஷம் விடாமல் வேலை பார்த்திருக்க வேண்டும். அதில் ஒரு பங்கை எங்கள் பேக்டரி கட்ட வேண்டுமாம். மேனேஜர்கள் முகத்தைப் பார்க்கணுமே, வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருக்கிறது.

உனக்குப் போன வருஷமே ஐம்பத்தைந்து முடிந்துவிட்டது. போய் எழுதிக் கொடு. பெண்ணையே பென்ஷன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

நீ சொன்னாய் என்று அரைநாள் லீவு போட்டுப் பென்ஷன் ஆபீசுக்குப் போனேன். இருக்கிற நல்ல துணியை உடுத்திக்கொண்டு போனேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனுஷன்தான். என் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க கம்பெனி ஆரம்பிச்சே ஒரு மாசந்தான் ஆகுது. நீங்க இருபது வருஷத்துக்கு மேலன்னு சொல்றீங்க. அதுவரைக்கும் எங்க வேலை பாத்தீங்க?"

"அதே எடத்துலதான் சார். போர்டுதான் மாறிச்சு."

"அப்ப போர்டு மாறுன நாள்லேர்ந்துதாம்மா உங்க சர்வீஸ். சம்பளச் சீட்டு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"கவர்ல போட்டுக் குடுப்பாங்க. கவர் மேல பேருகூட இருக்காது."

அவர் பேனாவை மூடினார். "பழைய கம்பெனியும் புதுக் கம்பெனியும் ஒண்ணுதான்னு காட்டணும்மா. வாய்ப்பேச்சு செல்லாது" என்றார்.

திரும்பி வந்து போர்டிடம் கேட்டேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "போன மாசம் பொறந்த கம்பெனிகிட்ட இருபது வருஷ சர்வீஸ் கேக்குறியே, உனக்கே சிரிப்பு வரல?" எனக்கு வரவில்லை. எதற்காக இத்தனை தடவை பெயிண்ட் அடித்தார் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நாங்கள் என்னடாவென்றால் போர்டு அழகாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

முதல் நாளிலிருந்து என் கையைவிட்டு மாறாத சாமான், நம்பர் குத்துகிற இந்த இரும்புப் பஞ்ச்தான். பதினேழாம் நம்பர். ஒரு தடவை அனுப்புகிற லாட்டைப் பார்த்து முடித்ததும் ஒவ்வொரு பின்னின் தலையிலும் அதை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலித் தட்டில் துணி விரித்துப் படுக்கப்போட்டிருந்த என் மகள், அப்போது கைக்குழந்தை, வீல் என்று கத்த, பதறிப்போய்ப் பஞ்சைக் கீழே போட்டேன். ஏழின் கால் நுனி உடைந்துவிட்டது. அன்றிலிருந்து நொண்டி ஏழுதான். கம்பெனிப் பெயர் மூன்று ஆயிற்று, புதுப் பஞ்ச் வாங்க மட்டும் போர்டுக்கு மனசு வரவில்லை. அந்தக் கஞ்சத்தனத்துக்கு ஒரு பென்ஷன் கொடுக்கலாம்.

உன் மகள், தப்பு, என் மகள் நேற்றுப் போன் செய்தாள். பேக்கிங் வேலைக்கு எப்போது வருகிறாய் என்றேன். "பெரியம்மாட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். என் வயிற்றில் பிறந்தவளிடம் பேச நான் உன்னிடம் டோக்கன் வாங்க வேண்டுமா? அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமையில் பசி எடுக்காது என்பது உனக்கும் தெரிந்திருக்கும்.

தங்கச்சி


பிப்ரவரி 24

தங்கச்சிக்கு,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் கையில் இருக்கிற சுத்தியலைக் காலில் போட்டுக்கொள்வாய்.

நொண்டி ஏழு என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்ததும் கூண்டுக்கு ஓடினேன். எங்கள் வரவுப் பிரிவுக்குப் பின்னால் ஒரு கம்பிக் கூண்டு இருக்கிறது. சாவி என்னிடம்தான். பிரேக் சாமான் என்பதால், வருகிற ஒவ்வொரு லாட்டிலிருந்தும் இரண்டு பின்னை எடுத்து, தேதியும் கம்பெனிப் பெயரும் எழுதின அட்டையைக் கட்டி, அங்கே வைக்க வேண்டும். எங்கேயாவது பஸ் பிரேக் பிடிக்காமல் போனால் எடுத்துப் பார்ப்பதற்கு. அடியில் கிடந்த பழைய டிரேயை இழுத்துத் துடைத்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடியே வேண்டியிருக்கவில்லை. முதல் போர்டு காலத்துப் பின்னில் நொண்டி ஏழு. இரண்டாவது போர்டுக் காலத்திலும் நொண்டி ஏழு. போன வாரம் வந்ததிலும் அதே ஏழு, அதன் பக்கத்தில் அதே தலைசாய்ந்த ஒன்றாம் எண். மூன்று கம்பெனி, ஒரே பஞ்ச், ஒரே கை.

புரிகிறதா? பட்டறை ஒன்றுதான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? உனக்கு மட்டுமில்லை, லேத் மெஷினில் நிற்கிறவள், பின் கழுவுகிறவள், எல்லாருக்கும் இது போதும்.

ஒரு சிக்கல். பர்ச்சேஸ் மேனேஜர் திடீரென்று கூண்டில் இடம் போதவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார். பழைய சாம்பிள்களை எல்லாம் இந்த மாதக் கடைசியில் ஸ்கிராப் லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் போதுமாக இருந்த இடம், நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் அவர் கண்ணை உறுத்துகிறது. நல்லவேளை, ஸ்கிராப்காரர் பத்து நாள் கழித்துத்தான் வருகிறேன் என்றிருக்கிறார். நீ உடனே விண்ணப்பம் கொடு. பஞ்சையும் கூடவே கொண்டுபோய்க் காட்டு. ஆபீசர் வந்தால் கூண்டைத் திறந்துவிட நான் இருக்கிறேன்.

பென்ஷன் வந்துவிட்டால் நீ யாரையும் நம்பியிருக்க வேண்டாம். பெண்ணையும் பட்டறைக்கு இழுக்க வேண்டாம். அவள் இங்கேயே நிம்மதியாக இருப்பாள்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். லேத்துக்காரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துத் துணியெல்லாம் கிரீஸ் ஆக்கினாள்.

இரண்டாம் தடவை கடைசி நாலு வரி கண்ணில் பட்டது. "அவள் இங்கேயே நிம்மதியாக இருப்பாள்."

அதுதானா விஷயம்? எனக்குப் பென்ஷனை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெண்ணை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய். என்ன கணக்கு அக்கா இது! உனக்குப் பென்ஷனும் இருக்கும், பெண்ணும் இருப்பாள். எனக்கு மாதா மாதம் ஆபீசில் வரிசை இருக்கும். அந்த வரிசையில் நின்று வாங்குகிற பென்ஷன் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கைவைத்துப் பார்க்குமா?

சின்ன வயசில் நீ ஒரு வேலை செய்வாய், நினைவிருக்கிறதா? என் கையில் இருக்கிற நல்ல பொம்மை வேண்டுமென்றால் பிடுங்க மாட்டாய். வேறொரு பொம்மையைக் கொண்டுவந்து சிரித்துக்கொண்டே நீட்டுவாய். நானும் இளித்துக்கொண்டே வாங்குவேன். இந்தத் தடவை வாங்க மாட்டேன்.

பாதி லாட் அடித்திருந்தேன். டீ நேரம் வந்தது. எல்லாரும் வெளியே போனார்கள். நான் போகவில்லை. பஞ்சை எடுத்துக் கிரைண்டிங் கல்லில் வைத்தேன். நொண்டிக் கால் தேய்ந்து சமமாகிற வரைக்கும் வைத்தேன். பிறகு உட்கார்ந்து மீதி லாட்டை அடித்தேன். முகப்பு தேய்ந்து அகலமானதில் ஏழு இப்போது இரண்டு பங்கு தடிமனாக, ஜம்மென்று நிற்கிறது. இந்தத் தட்டிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள். உன் கூண்டில் இருக்கிற நொண்டி ஏழை எதோடு ஒப்பிடுவாய் என்று பார்க்கிறேன்.

எனக்குப் பென்ஷன் வேண்டாம். என் பெண் வேண்டும்.

தங்கச்சி


மார்ச் 5

உன் லாட்டைத் திருப்பிவிட்டேன். சிவப்புச் சீட்டு. காரணம்: ஒரே லாட்டில் இரண்டு விதமான முத்திரை.

இனி தட்டில் கடிதம் வைக்காதே. சிவப்புச் சீட்டு விழுந்த கம்பெனித் தட்டுகளை இங்கே பத்துப் பேர் திறந்து பார்ப்பார்கள். இதைக்கூட அவசரம் அண்ணன் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.

அக்கா


மார்ச் 17

அக்கா என்று கூப்பிடவே கூசுகிறது.

இருபது வருஷத்தில் என் நம்பர் போட்ட ஒரு பின் திரும்பி வந்ததில்லை. அதில்தான் நான் தலைநிமிர்ந்து நடந்தேன். அதையும் முடித்துவிட்டாய். என்மேல் கோபம் என்றால் போனில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். சிவப்புச் சீட்டு என்றால் என்னவென்று தெரிந்தவள்தானே நீ?

போர்டு ஆடித் தீர்த்துவிட்டார். "பெரிய பேக்டரி லைன் அரை ஷிப்ட் நின்னுச்சாம், எனக்குத்தான் பில்லு வரும்!" என்று என்னைப் பஞ்ச் மேஜையிலிருந்து எழுப்பிக் கூட்டிப்பெருக்க அனுப்பினார். பெருக்குகிறேன். கிரைண்டிங் கல்லுக்குக் கீழே பெருக்கும்போது மட்டும் கை நின்று நின்று போகிறது.

லேத்துக்காரி என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"அக்காவும் தங்கச்சியும் ஒரு புள்ளைக்குச் சண்டை போடுங்க, வேணான்னு சொல்லல. அதுல எங்க பென்ஷன ஏண்டி கல்லுல வச்சுத் தேச்ச? எனக்குப் புள்ளையும் கெடையாது, பென்ஷனும் கெடையாது. நான் யார்மேலடி பொறாமைப்பட?"

துடைப்பத்தோடு நகர்ந்துவிட்டேன். உன்னைப் பார்த்து எரிந்து எரிந்து, என்னைப் பார்த்து எரிய ஒருத்தி பக்கத்து மெஷினிலேயே நின்றது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

நான் ஒத்துழைக்க மாட்டேன் என்று தெரிந்தும் அவர்களே சேர்ந்து விண்ணப்பம் கொடுத்துவிட்டார்கள். நேற்று பென்ஷன் ஆபீசிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார், இளவயசுப் பெண். நேராகப் பஞ்ச் மேஜைக்கு வந்தார். "இதை யாரு தேச்சது?" என்றார். போர்டு என்னைப் பார்த்தார். லேத்துக்காரி என்னைப் பார்த்தாள். "நான்தாம்மா" என்றேன். "எப்ப?" என்றார். "பாதி லாட்டுல" என்றேன். அவர் திட்டவில்லை. பஞ்சைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நல்லவேளை, பாதியில தேச்சீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு என்ன அர்த்தம்? உன்னைக் கேட்கக் கூடாது என்று ஒரு நாள் பூராவும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டேன். சொல்.


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

இது தபாலில் வருகிறது. என்னை வரவுப் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார்கள். இப்போது ஸ்டோரில் காலி டப்பாக்களுக்குக் காவல். டப்பாக்கள் நல்ல மாதிரி, கேள்வி கேட்பதில்லை.

உன் தட்டைத் திறந்ததும் மேலே கடிதம், கீழே அந்தத் தடியன் ஏழு. கடிதத்தைப் படிக்குமுன்பே பின்னைப் பார்த்துவிட்டேன். என்ன செய்திருக்கிறாய் என்று புரிந்துபோனது. ஒரு பின்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டீ வந்து ஆறிப்போனது.

பிறகு இரண்டாவது அடுக்கைத் தூக்கினேன். அங்கே நொண்டி ஏழு. ஒரே தட்டு, ஒரே நாள், ஒரே லாட். பாதி நொண்டி, பாதி தடியன். இரண்டிலும் பக்கத்தில் நிற்கிற ஒன்றாம் எண் மட்டும் அதே மாதிரி தலைசாய்ந்து நிற்கிறது. நீ நிதானமான பொம்பளையாக இருந்து, லாட்டை முடித்துவிட்டுத் தேய்த்திருந்தால் தொலைந்தோம். இது புதுப் பஞ்ச் என்று போர்டு சத்தியம் செய்திருப்பார். உன் கோபம் டீ நேரத்துக்குமேல் பொறுக்கவில்லை. அதனால் நொண்டியும் தடியனும் ஒரே பஞ்ச்தான் என்பதற்கு உன் தட்டே சாட்சி ஆகிவிட்டது.

சிவப்புச் சீட்டு ஏன் போட்டேன் என்கிறாய். பிரேக் சாமானில் முத்திரை கலந்து வந்தால் எங்களிடம் ஒரு விதி உண்டு. விசாரணை முடிகிறவரை அந்தக் கம்பெனியின் பழைய சாம்பிள் எதையும் யாரும் அசைக்கக் கூடாது. மேனேஜர் தலைகீழாக நின்றாலும் முடியாது. எனக்கு ஸ்கிராப் லாரியை நிறுத்த வேறு வழி தெரியவில்லை. சீட்டை எழுதினேன், உன் லாட்டில் இரண்டு விதத்தையும் எடுத்துக் கூண்டில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலையில் லாரி வந்து வெறுமனே திரும்பிப் போனது. அந்த ஆபீசர் பெண் உன்னிடம் வருவதற்கு முன் இங்கே வந்து பார்த்தது அந்தக் கூண்டைத்தான்.

அதன் விலையும் வந்துவிட்டது. பின் இல்லாமல் லைன் நின்றதற்கு என்மேல் விசாரணை. சரக்கு அனுப்புகிற இடத்தில் கூடப்பிறந்தவள் இருப்பதை நான் சொல்லவில்லை என்று ஒன்று. தட்டில் கடிதம் போய்வந்தது என்று இன்னொன்று. கேட்டார்கள், மறைக்காமல் ஆமாம் என்றேன். விசாரணை முடிந்து பேக்டரி கையெழுத்துப் போட்டால்தான் என் பென்ஷன் ஆர்டர் வரும். ஒரு வருஷமும் ஆகலாம், மேலேயும் ஆகலாம். குவார்ட்டர்ஸை ஜூன் கடைசியில் காலி பண்ண வேண்டும். உன் பெண்ணுக்குப் பயிற்சி ஆட்கள் ஹாஸ்டலில் இடம் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

இனி நீ முன்பு கேட்ட கேள்விக்கு வருகிறேன். பேரம் பேசினேனா? பேசினேன். பெண் என்னோடு இருக்கட்டும் என்ற ஆசைதான் முதலில் வந்தது. உன் பென்ஷன் அதற்குப் பின்னால்தான் வந்தது. இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய்.

ஆனால் அந்தத் தடியன் ஏழைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது, உன்மேல். கையில் வந்து விழுந்த பென்ஷனை ஒரு பிள்ளைக்காகக் கல்லில் வைத்துத் தேய்க்கிற அளவுக்கு உனக்கு ஒருத்தி இருக்கிறாள். எனக்கு அப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய யாரும் இல்லையே என்று நினைத்தேன். பிறகு சீட்டை எழுதினேன். எழுதும்போது புரிந்தது, எனக்கும் ஒருத்தி இருக்கிறாள், கூடப்பிறந்தவள், அவளும் இதே மாதிரி முட்டாள்தான் என்று.

அக்கா


ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

பார், எழுதிவிட்டேன்.

ஆர்டர் வந்துவிட்டது. மூன்று போர்டும் ஒரே பட்டறைதான் என்று தீர்ப்பு. ஐம்பத்தைந்து முடிந்த எங்கள் எல்லாருக்கும் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு வயசு வந்ததும் வரும். லேத்துக்காரி ஆர்டரை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். யாரோ இடிக்கப்போனால், "பாத்துப்பா, உள்ள பென்ஷன் இருக்கு" என்கிறாள். போர்டு இரண்டு நாளாகப் பட்டறைப் பக்கம் வரவில்லை. வாசலில் பெயிண்ட் டப்பா மட்டும் இருக்கிறது.

முதல் தொகையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். உலகத்திலேயே முதலில் உனக்குத்தான் சொல்லணும் என்று தோன்றியது. அதைவிட முதலில் தோன்றியது வேறு. அக்காவுக்கு இன்னும் வரவில்லை, எனக்கு வந்துவிட்டது என்பதுதான். ரோட்டில் நின்று சிரித்துவிட்டேன், அக்கா. மகளைத் தவிர, பொறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் உன்னிடம் இல்லாதது ஒன்று என்னிடம் இருக்கிறது, நீ பார்த்து ஆசைப்படுகிற மாதிரி. கொஞ்சம் வயிறு எரியேன். எனக்காக.

மகள் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். நீ சிநேகிதி வீட்டு மாடியில் ஒற்றை அறையில் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் இருக்கிறாய் என்று சொல்லி அழுதாள். என் மடியில் படுத்துக்கொண்டு உனக்காக அழுகிறாள். எனக்கு அப்போதும் எரிந்தது. அது போகாது போலிருக்கிறது, நீயும் எதிர்பார்க்காதே. ஆனால் அவள் தூங்கின பிறகு நானும் அழுதேன், உனக்காகத்தான்.

அவள் ஹாஸ்டலிலேயே இருக்கட்டும். சோதனைக்கூடத்தில் நல்ல பெயர் எடுத்திருக்கிறாளாம். பேக்கிங் வேலையைப் பின் கழுவுகிறவளின் மகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். லீவுக்கு லீவு மகள் இங்கே வரட்டும். வந்தால் என் பக்கம்தான் படுக்க வேண்டும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உனக்கு ஜன்னல் ஓரக் கட்டில். மெத்தையை வெயிலில் போட்டு எடுத்துவிட்டேன். புதுத் தட்டு ஒன்றும் டம்ளர் ஒன்றும் வாங்கியிருக்கிறேன், என் பென்ஷனில். அவசரம் அண்ணன் சனிக்கிழமை காலி வண்டியில் உன் சாமான்களை ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் சனிக்கிழமை என்றால் ஞாயிறு, அது உனக்கே தெரியும்.

நீ உட்கார்ந்திருக்க வேண்டும், நான் பரிமாற வேண்டும். போதும் என்று நீ கையை வைத்து மறைக்க வேண்டும், நான் கேட்காமல் இன்னொரு கரண்டி வைக்க வேண்டும். உன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்ய வேண்டும். இந்தச் சுகத்துக்கு நான் எவ்வளவு நாளாக ஏங்கிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது.

அதனால் இழுத்தடிக்காமல் கிளம்பு. விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும் என்று அந்த ஆபீசர் பெண் சொல்கிறார். உன் ஆர்டர் வந்துவிடுவதற்குள் வந்துவிடு, அக்கா.

உன் தங்கச்சி